பள்ளிக் கூரையில் விழும் மழையைப் பிள்ளைகளின் குடிநீராக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆண்டுதோறும் செப்டம்பர் 1 முதல், அசிசி நகர் புனித பிரான்சிஸின் திருநாளான அக்டோபர் 4 வரை கத்தோலிக்கத் திருச்சபை ‘படைப்பின் காலம்’ கடைப்பிடிக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரு மாவட்டங்களும் அடங்கிய தருமபுரி மறைமாவட்டத்தின் பள்ளிகளிலும் அந்த நாட்களில் மரக்கன்று நடுகிறார்கள், பேச்சுப்போட்டியும் ஓவியப்போட்டியும் வைக்கிறார்கள். நடக்கட்டும், நல்லதுதான். ஆனால் நம் மண்ணில் படைப்பைப் பேணுவது என்று தொடங்கினால், முதலில் பார்க்க வேண்டியது பிள்ளைகள் குடிக்கிற தண்ணீரை. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ திருமடலும் பாதுகாப்பான குடிநீரை ஒவ்வொரு மனிதரின் அடிப்படை உரிமை என்றே சொல்கிறது.

இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் புளூரைடு அதிகம் என்பது எல்லோருக்கும் தெரியும். கருங்கல் பாறையில் உள்ள தாதுக்களிலிருந்து அது கரைந்து வருகிறது. ஆழ்துளைக் கிணறான போர் ஆழமாகப் போகப் போகத் தண்ணீர் பாறையோடு கிடக்கும் காலம் நீள்கிறது. பல இடங்களில் புளூரைடும் கூடுகிறது. ஆகவே 300 அடியில் வற்றிய போரை 800 அடிக்கு இறக்கிவிட்டு, தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்தது என்று நிம்மதியடைய முடியாது. இந்தியத் தர அளவுப்படி லிட்டருக்கு 1 மி.கி. வரை ஏற்கலாம், வேறு நீரே கிடைக்காத இடத்தில் 1.5 மி.கி. வரை அனுமதி உண்டு. நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் சுமார் 8 வயது வரையில்தான் பற்களுக்கு ஆபத்து மிகுதி. எல்.கே.ஜி.யிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை உள்ள குழந்தைகள் அவர்கள். பல் முளைத்த பிறகு தெரியும் பழுப்புக் கறையை எந்தப் பற்பசையும் போக்காது. ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பையும் மூட்டையும் பிடிக்கும்.

தண்ணீரைக் கொதிக்க வைத்துத் தருகிறோம் என்று சில பள்ளிகளில் சொல்வார்கள். கொதித்தால் கிருமி சாகும், புளூரைடு போகாது. நீர் ஆவியாகி வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். மெழுகுவர்த்தி வடிகட்டியும் புற ஊதாக் கருவியும் அதை நீக்குவதில்லை. சமையலுக்கும் இதே கதைதான்: அந்தத் தண்ணீரில் சோறும் பருப்பும் வெந்தால் புளூரைடும் உணவோடு சேரும். 2024 ஜூலை 15 முதல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்திருக்கிறது. சத்துணவோடு சேர்த்து அங்கே பிள்ளைகள் இரண்டு வேளை சாப்பிடுகிறார்கள். சமையல் தண்ணீரையும் குடிநீர்க் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

2013-இல் செயல்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இந்தக் குறையைப் போக்கவே கொண்டுவரப்பட்டது. காவிரி நீர் வருகிற பள்ளியில் அதுவே முதல் குடிநீர். அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒகேனக்கல் நீரும் போர் நீரும் ஒரே மேல்நிலைத் தொட்டியில் விழும்படி குழாய் போட்டிருந்தால், ஒகேனக்கல் நீர் வராத நாளில் மோட்டாரைப் போட்டதும் பிள்ளைகள் போர் நீரைத்தான் குடிக்கிறார்கள், அது யாருக்கும் தெரிவதும் இல்லை. குடிநீருக்குத் தனித் தொட்டி, தனிக் குழாய், வேறு நிறத்தில் பெயின்ட் அடித்த திருகு. எந்தப் பள்ளியானாலும் வேலையை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அடுத்து மழை. மழைநீரில் புளூரைடு அநேகமாக இல்லை. ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். நம் பக்கம் ஆண்டுக்கு ஏறத்தாழ 850 மி.மீ. மழை பெய்கிறது. 300 சதுர மீட்டர் கான்கிரீட் மாடி ஒன்றில், தெறிப்பும் ஆவியும் போக 80 விழுக்காடு கிடைத்தாலே ஆண்டுக்கு 2 லட்சம் லிட்டருக்கு மேல். 500 பிள்ளைகள் பள்ளி நேரத்தில் ஆளுக்கு ஒன்றரை லிட்டர் குடித்தால் ஒரு நாளைக்கு 750 லிட்டர். 200 வேலை நாட்களுக்கு ஒன்றரை லட்சம். ஒரே ஒரு வகுப்பறைக் கட்டடத்தின் மாடி முழுப் பள்ளிக்கும் குடிக்கப் போதும். குறைவது மழை அல்ல, சேர்த்து வைக்கும் இடம்.

30,000 லிட்டர் சம்ப் (தரைக்கடித் தொட்டி) ஒன்று கட்டினால் 40 நாள் குடிநீர். 25 மி.மீ. மழை ஒன்றுக்கு அந்த மாடியிலிருந்து 6,000 லிட்டர் வரும். அப்படி ஐந்து மழையில் சம்ப் நிறையும். மழைக்காலத்தில் குடிக்கக் குடிக்க மறுபடி நிறையும். டிசம்பர் கடைசியில் முழுதாக நிறைந்த சம்ப்பை, அதன்பின் பாதி மழைநீர் பாதி போர்நீர் என்று கலந்து கொடுத்தால் 80 நாள் வரும். ஆண்டுத் தேர்வு வரை தாங்கும். போர் நீரில் 1.8 மி.கி. இருந்தால், சமபங்கு கலக்கும்போது அது 0.9 ஆகிவிடும். 2.7 இருந்தால் இரண்டு பங்கு மழைநீருக்கு ஒரு பங்கு போர்நீர், அதுவும் 0.9 தான். மழைநீர் சப்பென்று இருக்கிறது என்று பிள்ளைகள் குடிக்க மறுப்பதற்கும் இந்தக் கலப்பு நல்ல மருந்து. எந்த விகிதம் என்பதை மட்டும் குத்துமதிப்பாக முடிவு செய்யக்கூடாது. போர் நீரைப் பரிசோதித்த பிறகுதான் கலக்க வேண்டும். கலந்த நீரையும் ஒரு முறை பரிசோதிக்க வேண்டும்.

மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003-இலேயே கட்டாயமாயிற்று. பல பள்ளிகளில் அதன் மிச்சமாக ஒரு உடைந்த குழாயும் மண் மூடிய குழியும் இருக்கின்றன. ஏன் அப்படி ஆயிற்று என்று பார்த்தால் காரணங்கள் திரும்பத் திரும்ப ஒன்றேதான். முதலாவது குழாய். மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் கொட்டுகிற மழைக்கு, சுமார் 40 சதுர மீட்டருக்கு ஒரு 4 அங்குலக் குழாய் வேண்டும். 300 சதுர மீட்டர் மாடிக்கு ஏழெட்டு இறக்கங்கள். ஒரே ஒரு 2 அங்குலக் குழாயை இறக்கினால் மாடியில் தண்ணீர் தேங்கி ஓதம் இறங்கும். தளம் கெட்டுவிடும் என்று பயந்து யாராவது குழாயைப் பிடுங்கிவிடுவார்கள். குழாய் வாயில் தட்டை ஜாலி போட்டால் ஒரு கை அளவு இலை போதும், அடைத்துக்கொள்ளும். மேலே குவிந்த கூம்பு ஜாலி போட்டால் இலை பக்கவாட்டில் ஒதுங்கி, தண்ணீர் மேல் பகுதியால் இறங்கும்.

இரண்டாவது, முதல் மழையின் அழுக்கு. காக்கை எச்சம், தூசி, செத்த பூச்சி எல்லாம் முதல் 1 முதல் 2 மி.மீ. மழையில்தான் கழுவிக்கொண்டு வரும். அதைத் தொட்டிக்குப் போக விடாமல் பிரிக்க, ஒவ்வொரு இறக்கத்திலும் ஒரு ‘டி’ இணைப்பு போட்டு, கீழே 6 அங்குலக் குழாய் 3 மீட்டர் தொங்கவிட்டு, அடியில் மூடி போட வேண்டும். அதில் 50 லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். 40 சதுர மீட்டர் கூரையின் முதல் 1.3 மி.மீ. மழைக்கு அது சரியான அளவு. 4 அங்குலக் குழாயையே தொங்கவிட்டால் 24 லிட்டருக்கு மேல் பிடிக்காது, மீதி அழுக்கு சம்ப்புக்குள் போய்விடும். உள்ளே ஒரு பிளாஸ்டிக் பந்து போட்டால், குழாய் நிறைந்ததும் அது மிதந்து வாயை அடைக்கும், பின்னால் வரும் நல்ல நீர் வடிகட்டிக்குத் திரும்பும். அடி மூடியில் 3 மி.மீ. துளை ஒன்று கட்டாயம் இருக்கட்டும். மழை நின்றபின் அது தானாகச் சொட்டி அடுத்த மழைக்குள் காலியாகும். துளைக்குப் பதில் வால்வு வைத்த இடங்களில் யாரும் அதைத் திறப்பதில்லை; தேங்கிய நீர் நாறி, கடைசியில் தொட்டிக்கே போகிறது.

நம் பகுதிக்கே உரிய இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. கல் குவாரி, கிரஷர் பக்கத்தில் உள்ள பள்ளியில் கூரையில் தூசி கனமாகப் படியும். கழித்துவிடும் நீரின் அளவை இரட்டிப்பாக்க வேண்டும். மாந்தோப்புகளுக்கு நடுவே உள்ள பள்ளியில், பூப் பருவத்தில் அடிக்கிற மருந்து காற்றில் வந்து கூரையில் ஒட்டியிருக்கும். அங்கே கோடை மழையின் முதல் இரண்டு மூன்று மழையை முழுதாக வெளியே விட்டுவிட வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரையின் நீரும் தார் பூசிய மாடியின் நீரும் குடிக்க வேண்டாம். அவற்றை நிலத்துக்குள் இறக்கலாம்.

வடிகட்டிக்கு அடியில் 40 மி.மீ. கூழாங்கல் 20 செ.மீ., அதன்மேல் 20 மி.மீ. ஜல்லி 20 செ.மீ., ஒரு நைலான் வலை, அதற்கு மேல் கழுவிய கரடு மணல் 30 செ.மீ.; மணலை மழை குடைந்துவிடாதிருக்க மேலே ஒரு கை உயரம் கூழாங்கல். எம்-சாண்ட் போடுவதாக இருந்தால், கழுவிய நீர் தெளிந்து வரும் வரை அலசியே ஆக வேண்டும். அதன் மாவு வடிகட்டியை ஒரே பருவத்தில் அடைத்துவிடும். சம்ப்புக்குள் வரும் குழாயை அடிவரை இறக்கி, நுனியை மேல்நோக்கி வளைத்துவிட்டால் அடியில் படிந்த வண்டல் கலங்காது. எடுக்கும் குழாய் தரையிலிருந்து 15 செ.மீ. மேலே இருக்கட்டும். காற்றுக் குழாய், வழிந்தோடும் குழாய் இரண்டின் வாயிலும் கொசு வலை கட்ட வேண்டும். டெங்குக் கொசு தேடி வருவது இப்படிப்பட்ட தெளிந்த நீரைத்தான். சூரிய ஒளி துளியும் புகக்கூடாது, புகுந்தால் பாசி. புதிதாகக் கட்டிய சிமென்ட் சம்ப்பின் முதல் நிரப்பை யாரும் குடிக்கக்கூடாது. சுண்ணாம்புக் காரம் இறங்கியிருக்கும்.

கிருமி நீக்க 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர், அதாவது 30,000 லிட்டருக்கு 120 கிராம். பவுடரை நேராகச் சம்ப்பில் கொட்டாமல் ஒரு பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துத்தான் திறக்க வேண்டும். திறந்த சாக்கில் மாதக்கணக்கில் கிடந்த பவுடரில் குளோரின் பறந்துபோயிருக்கும். 4 கிராம் போட்டாலும் வேலை செய்யாது. குழாய் முனையில் குளோரின் லிட்டருக்கு 0.2 மி.கி.யாவது மிச்சம் இருக்கிறதா என்று வாரம் ஒரு முறை பார்ப்பதை எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே செய்யலாம். இளம் கிறித்தவ மாணவர் இயக்கத்துக்கும் பசுமைப் படைக்கும் கொடுக்கத்தக்க நல்ல பொறுப்பு இது.

ஆர்.ஓ. இயந்திரம் வைத்திருக்கிறோமே, பிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்கும் தாளாளர்கள் உண்டு. ஆர்.ஓ. புளூரைடை நீக்குகிறது, உண்மைதான். நீக்கியது எங்கே போகிறது? 2 மி.கி. உள்ள நீர் மூன்று லிட்டர் உள்ளே போய், ஒரு லிட்டர் நல்ல நீர் கிடைத்தால், வெளியே தள்ளும் இரண்டு லிட்டரில் கிட்டத்தட்ட லிட்டருக்கு 3 மி.கி. இருக்கும். அந்தக் கழிவு நீரை மழைநீர்க் குழியில் விடுகிறவர்கள், போரிலிருந்து எடுத்ததைவிடக் கெட்டியான நஞ்சைப் போருக்கே திருப்பிக் கொடுக்கிறார்கள். காய்கறித் தோட்டத்துக்கும் வேண்டாம். உப்பு மண்ணில் சேர்ந்துகொண்டே வரும். கழிப்பறைக்கு ஒரு தனித் தொட்டி வைத்து அதில் விடலாம், தரை கழுவலாம். ஆர்.ஓ. உள்ள எல்லாப் பள்ளிகளும் தங்கள் கழிவுக் குழாய் எங்கே போய் முடிகிறது என்பதை இந்த வாரமே நடந்து போய்ப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். மூன்று லிட்டருக்கு இரண்டு லிட்டரை வெளியே தள்ளும் கருவியை, வற்றிப்போகும் போரை நம்பி ஓட்டுவது நமக்குக் கட்டுபடியாகாது. மழைநீர் கலந்தாலே 1 மி.கி.க்குக் கீழே வருகிற பள்ளிக்கு அது தேவையும் இல்லை.

சம்ப் நிறைந்து வழியும் நீரை நிலத்துக்குள் இறக்கலாம். கைவிட்ட போர் இருந்தால் அதைச் சுற்றி 2 மீட்டர் நீள அகல ஆழத்தில் குழி எடுத்து, குழிக்குள் இருக்கும் கேசிங் பகுதியில் துளையிட்டு நைலான் வலை சுற்றி, குழியைக் கல்லும் ஜல்லியும் மணலும் கொண்டு நிரப்ப வேண்டும். போரின் வாயில் இரும்பு மூடி பற்றவைத்தே தீர வேண்டும். பிள்ளைகள் நடமாடும் இடம். மைதானத்தில் ஓடும் சேற்று நீரை மட்டும் நேராகப் போருக்குள் விடக்கூடாது. வண்டல் போரை அடைக்கும், கழிவுக் கிருமி ஊர்க் கிணறு வரை போகும்.

மரக்கன்றுக்கு வருகிறோம். உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 அன்று நட்டது நம் மாவட்டங்களில் காய்ந்துபோவதற்குக் காரணம் பிள்ளைகளின் அக்கறைக் குறைவு அல்ல. இங்கே மழை கனப்பது செப்டம்பர், அக்டோபரில். படைப்பின் காலமும் அதே மாதங்களில் வருவது நமக்குக் கிடைத்த வாய்ப்பு. ஜூன் 5 அன்று 2 அடிக்கு 2 அடிக்கு 2 அடி குழியை மட்டும் வெட்டி ஆறப்போடலாம்; செப்டம்பர் முதல் வாரம் மேல்மண்ணோடு மக்கிய தொழு உரம் ஒரு கூடை சேர்த்து நடலாம். கன்று ஒன்றுக்கு ஜனவரியிலிருந்து மே வரை வாரம் இரண்டு முறை 10 லிட்டர் ஊற்றினால் 400 லிட்டருக்குச் சற்று மேல் ஆகும். 25 கன்றுக்கு 10,000 லிட்டருக்குச் சற்று மேல். 500 பிள்ளைகள் சாப்பிடும் முன் கை கழுவும் நீரே ஒரு நாளைக்குச் சுமார் 500 லிட்டர் வரும். அதைத் திருப்பிவிட்டால் 25 கன்றுகள் தாராளமாகப் பிழைக்கும். கன்று சாவது ஏப்ரல் பாதிக்குப் பிறகு, பள்ளி பூட்டிக் கிடக்கும் அந்த ஆறேழு வாரத்தில்தான். விடுமுறையில் ஊற்றுவது யார் என்று அன்பியங்கள் (பங்கின் சிறு குடும்பக் குழுக்கள்) வாரம் ஒன்றாகப் பெயர் எழுதிக்கொண்ட பிறகு நடுங்கள். ஊற்ற ஆள் இருக்கிற அளவுக்கு மட்டும் நடுங்கள். புங்கன், வேம்பு, நாவல், இலுப்பை எல்லாம் நம் மண்ணுக்கு வரும். மழைநீர் பிடிக்கும் மாடிக்கு மேலே கிளை கவியும்படி எதையும் வைக்க வேண்டாம்.

பங்குத் திருவிழா விருந்து பெரும்பாலும் பள்ளி மைதானத்தில்தான் நடக்கிறது. பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் கப்பும் தண்ணீர் பாக்கெட்டும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டவை. வாழையிலையும் எவர்சில்வர் டம்ளரும் போதும். ஃபிளெக்ஸ் பேனருக்குப் பதில் ஆண்டு குறிப்பிடாத துணிப் பதாகை தைத்துக்கொண்டால் பத்துத் திருவிழாவுக்கு வரும்.

இவ்வளவையும் ஒரு பள்ளி கட்டி முடித்தாலும், இரண்டு மூன்று ஆண்டில் அது பாழாகும் வழி ஒன்று இருக்கிறது. தாளாளர்கள், அருள்சகோதரிகள், தலைமையாசிரியர்கள் மாறுதலாகிப் போவது பெரும்பாலும் மே, ஜூனில். மாடி கூட்டுவது, ஜாலி எடுப்பது, வடிகட்டி மணலை அலசி மாற்றுவது, சம்ப்பை இறங்கித் தேய்ப்பது ஆகிய வேலைகளையும் கோடை மழைக்கு முன்னால், ஏப்ரல் கடைசியில் முடித்தாக வேண்டும். போகிறவர் மூட்டை கட்டிக்கொண்டிருப்பார்; வருகிறவருக்கு எந்தக் குழாய் எங்கே போகிறது என்றே தெரியாது. ஆகவே பொறுப்பு ஒப்படைப்புக் கோப்பில் கணக்குப் புத்தகத்தோடு மூன்று தாள்கள் சேர வேண்டும்: குழாய், தொட்டி, வால்வு வரைபடம் ஒன்று, துப்புரவு செய்த தேதிகள் ஒன்று, தண்ணீர்ப் பரிசோதனை முடிவு ஒன்று. மறைமாவட்டக் கல்வி அலுவலகம் ஆண்டு ஆய்வின்போது இந்த மூன்றையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும் என்று விண்ணப்பிக்கிறோம். பராமரிப்புக்கென்று பள்ளி வரவு செலவில் தனித் தலைப்பும் வேண்டும். இல்லாவிட்டால் உடைந்த ஒரு ‘டி’க்குக்கூடப் பணம் ஒதுங்காது.

பரிசோதனைக்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தை அணுகலாம். புளூரைடுக்கு 1 லிட்டர் நீரை சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் எடுக்க வேண்டும். கண்ணாடி வேண்டாம், புளூரைடு கண்ணாடியோடு வினைபுரியும். போர் நீர் என்றால் மோட்டார் பத்து நிமிடம் ஓடிய பிறகு பிடித்து, எந்தப் போர், எந்தத் தேதி என்று எழுதி ஒட்ட வேண்டும். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டில்தான் செல்லும். ஆண்டுக்கு இரண்டு முறை, தண்ணீர் அடியில் கிடக்கும் மே மாதத்தில் ஒன்று, மழை முடிந்த ஜனவரியில் ஒன்று. முடிவைத் தலைமையாசிரியர் அறை பீரோவில் பூட்டாமல் குடிநீர்த் தொட்டிச் சுவரிலேயே ஒட்டிவிடுங்கள். நம் பள்ளிகளில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். தம் பிள்ளை குடிக்கும் தண்ணீரில் என்ன இருக்கிறது என்பதை வாசலுக்கு வரும் எந்தத் தாயும் படித்துத் தெரிந்துகொள்ளட்டும். ஒட்டாத பள்ளியில், ஜூன் மாதப் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.

இப்படிக்கு,
பள்ளிக் குடிநீர்ப் பணியில் ஈடுபட்டுள்ள ஆசிரியர்கள், பங்கு மக்கள்,
தருமபுரி.